இல்லாத சக்கரத்தைத் தள்ளி வைத்த கதை

பள்ளி அலுவலகத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிற பெற்றோர்களுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவேன். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. வெறுமனே விடாதீங்க" என்பேன். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே பேச்சு. கொடைக்கானலில் பாதிப் பேருடைய பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவள் தன் சொந்த ஸ்கூட்டரின் இன்சூரன்ஸ் தாளை ஒன்பது வருடமாகத் திறந்தே பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போனது. அதற்காக நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்கிற ஆள் இல்லை. சம்பாதிக்க ஆரம்பித்ததும் சேர்த்துச் சேர்த்து ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சிறிய சக்கரம் பொருத்தி, அதை முறையாக ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிக்கொண்டேன். ஊரில் அதை 'சைடு வீல் வண்டி' என்பார்கள். என் வீடு பேத்துப்பாறையில்; வண்டி வாங்கும் வரை டவுனில் வாடகை அறையில் இருந்தேன். பள்ளிக்கூடம் மேலே டவுனில். நடுவில் இருப்பது சாலை என்று அரசாங்கம் சொல்கிறது. எங்களுக்கு அது ஏற்றமும் வளைவும் மேகமும்தான். பஸ் உண்டு, ஆனால் அது என் நேரத்துக்கு வருவதில்லை. வந்தாலும் அதன் படி என் காலுக்கு எட்டுவதில்லை. ஆகவே ஸ்கூட்டர் இருந்தால் எனக்கு வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. இதில் மிகைப்படுத்த ஒன்றும் கிடையாது.

வாங்கிய இரண்டாவது வருடம், ஊருக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவில் விழுந்தேன். அந்த வளைவில் சாலை வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இரு சக்கர வண்டிக்காரர்கள் உடம்பைச் சாய்த்துத் திரும்பிவிடுவார்கள். சைடு வீல் வண்டி சாயாது, குடைசாயும். உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழுவதை உணர்ந்தேன். அடுத்த நொடி காப்பிச் செடிகளுக்கு நடுவில் கிடந்தேன், என் மேல் ஸ்கூட்டர் கிடந்தது. பட்டர் ஃப்ரூட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வரும்வரை அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு வந்த பயம் இன்றைக்கும் போகவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. டவுனுக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். டிப்ளமா, சான்றிதழ் எதுவும் கிடையாது. மலை ஏறுகிற பாதி வண்டிகள் அவர் கையில்தான் பிழைக்கின்றன. அவர் ஸ்கூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு நேராக அந்த வளைவுக்குப் போய் வளைவை அளந்தார். சாய்மானம் எவ்வளவு, உள்ளே மேடு எவ்வளவு, வெளியே பள்ளம் எவ்வளவு என்று ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகு சைடு வீல் இரண்டையும் பக்கத்துக்கு நாலு இஞ்ச் வெளியே தள்ளி வெல்டிங் வைத்தார். அதற்குத் தனியாக ஒரு பிரேக்கும் போட்டார். மேகம் இறங்கினால் தெரிவதற்கு மஞ்சள் விளக்கு ஒன்று, என் ஊன்றுகோலைச் செருக ஒரு குழாய். எல்லாம் முடிந்ததும் தன் இடது காலைத் துண்டால் மடக்கிக் கட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஒரு மூட்டைப் பூண்டை வைத்து, அந்த வளைவில் நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

"இனி விழாது தங்கச்சி. ஆனா என் பேர எங்கயும் எழுதிராதீங்க" என்றார்.

அதன் பிறகு நான் விழவில்லை. ஏழு வருடம். வெயில், மழை, காட்டுமாடு, சீசன் நேரத்துக் கார்க் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் போய் வந்தேன். அவர் பேரையும் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றாது. பூண்டு ஏற்றுகிறவர் பின்னால் இரும்புக் கேரியர் வைப்பார், ஏற்றத்துக்காகப் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றுவார். அதை மாற்றம் என்று யாரும் சொல்வதில்லை. குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிற மாதிரிதான் அது. வருடா வருடம் டவுனில் இருக்கிற ஏஜென்ட் ஒருவர் போனிலேயே இன்சூரன்ஸைப் புதுப்பித்து வாட்ஸ்அப்பில் தாளை அனுப்புவார். நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

கண் திறந்தது எங்கள் விளையாட்டு ஆசிரியரால். அவருடைய பைக் மேல் மழைக்காலத்தில் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்தது. அவர் சைலன்சரையும் டயரையும் ஆசைக்கு மாற்றி வைத்திருந்தார். எங்களிடம் சொல்லாமல் மாற்றியிருக்கிறீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாள் அதே பேச்சு. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், நான் என் தாளைத் திறந்தேன். 'வாகனத்தில் செய்யப்பட்ட மாற்றங்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முதலில் ஏஜென்ட் மேல், உடனே என் மேல். என் பெயருக்குக் கீழே ஒரு பொய் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு யாராவது ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்து என் வண்டியில் அடிபட்டால், அந்தப் பிள்ளையின் நஷ்டஈட்டுக்கு முன்னால் அந்த 'இல்லை'தான் வந்து நிற்கும்.

அன்றைக்கே கம்பெனியின் படிவத்தை வாங்கி நிரப்பினேன். தனிப் பிரேக், மஞ்சள் விளக்கு, ஊன்றுகோல் குழாய், சைடு வீல் நாலு இஞ்ச் வெளியே தள்ளியது. நாலு மாற்றம், நாலு வரி, என் அழகான கையெழுத்தில். அடியில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து இந்தக் காரணக் கட்டம் என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது. பஸ் பாஸ், ஹாஸ்டல், வேலை, லோன், எங்கே போனாலும் அதற்கு என் கால் வேண்டும். இந்த ஒரு தடவை கொடுக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு.

அனுப்புவதற்கு முன்னால் மெக்கானிக் அண்ணனிடம் சொல்வது நியாயம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னத்துக்குத் தங்கச்சி இப்ப இதெல்லாம் கதைக்கிறீங்க? விளக்கு, குழாய் எல்லாம் சரி. அந்த நாலு இஞ்ச் ஆர்.சி.யில இல்ல தானே? கழட்டுன்னு சொன்னா கழட்டணும். கழட்டுனா நீங்க அந்த வளைவுல எப்படி எறங்குவீங்க?"

அதுதான் விஷயம். சொல்லாமல் இருந்தால் வண்டி என்னிடம் இருக்கும், பொய்யும் இருக்கும். சொன்னால் வண்டியைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். பழைய அகலம் என்றால் காப்பிச் செடி. அல்லது வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவது.

"சொன்னாங்கன்னா அவங்களப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டிக் காட்டுவேன் அண்ணே" என்றேன்.

"உங்களுக்கு வாய் மட்டும் கொறைச்சலில்ல" என்றார். சிரிக்கவில்லை.

படிவத்தை அனுப்பி இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் பள்ளி வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். திண்டுக்கல்லிலிருந்து மெல்லிய அரைக்கைச் சட்டையோடு ஏறி வந்துவிட்டார். பல் தந்தியடித்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் என்றார். முதலில் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்துவிட்டு, பையிலிருந்து என் படிவத்தை எடுத்தார்.

"மேடம், உங்க ஃபார்ம எங்க ஆபீஸ்ல நாலு பேரு படிச்சாங்க. யாருக்கும் புரியல. அதான் நேர்ல பாக்கச் சொன்னாங்க."

"என்ன புரியல? தமிழ்லதான எழுதியிருக்கேன்?"

"சைடு வீல நாலு இஞ்ச் தள்ளி வச்சேன்னு எழுதியிருக்கீங்க. ஆனா எங்க ரெக்கார்டுல உங்க வண்டிக்கு சைடு வீலே கெடையாதுங்க. சாதாரண ரெண்டு சக்கர வண்டி. இல்லாத சக்கரத்த எப்படிங்க தள்ளி வச்சீங்க?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பிரேக் இருந்தது, விளக்கு இருந்தது, ஊன்றுகோல் செருகும் ஒரு முழக் குழாய்கூட இருந்தது. சைடு வீல் பொருத்தியதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆர்.சி.யில் ஏற்றியதோடு ஊர் உலகத்துக்கே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் கம்பெனியின் கண்ணில் நான் இரண்டே சக்கரத்தில் போய் வந்திருக்கிறேன்.

"எப்படி மேடம் இத மறந்தீங்க? வண்டியப் பாத்ததும் மொதல்ல தெரியுறதே அதுதான?"

அவர் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் அந்த நிமிடம்தான் தெரிந்தது. மஞ்சள் விளக்கு நான் கூடுதலாக வைத்தது. பிரேக் கூடுதலாக வைத்தது. அந்த இரண்டு சக்கரமும் எனக்குக் கூடுதல் கிடையாது, வண்டி என்றாலே அதுதான். நான் எதையும் மறைக்கவில்லை, சத்தியமாக மறந்தே போயிருக்கிறேன். சின்ன வயதில் பாவாடையை இழுத்து இழுத்துக் காலை மறைத்தவள் நான். அதே நான் ஒரு நாள் இப்படி மறந்துபோவேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பேன். ஊருக்கெல்லாம் கட்டம் சொல்லிக் கொடுக்கிறவள் செய்த அந்தத் தப்புக்காக வெட்கமும் பட்டேன், உள்ளூர ஒரு சந்தோஷமும் பட்டேன்.

"செருப்புப் போட்டிருக்கேன்னு நீங்க எங்கயாவது எழுதுவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் வண்டியைச் சுற்றி வந்து அளந்தார். ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்.

"சக்கரம் ஆர்.சி.யில இருக்கு, அதனால அத நாங்க ஏத்திக்கலாம். இந்த நாலு இஞ்ச்தான் எதுலயும் இல்ல. அத மட்டும் பழையபடி உள்ள தள்ளி வச்சுட்டீங்கன்னா சோலி முடிஞ்சுது. நானே வெரசா எழுதிக் குடுத்துருவேன்."

"ஏறுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம்?"

"மொதல்ல ஏறுங்க. பிறகு எழுதுங்க."

தலைமையாசிரியையிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, அவரைப் பின்னால் வைத்துக் கிளம்பினேன். என் தோளைத் தொடக் கூச்சப்பட்டுக் கம்பியைப் பிடித்திருந்தவர், மூன்றாவது வளைவில் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்தார். மேடம் போய் அக்கா வந்தது. "அக்கா, மெதுவாக்கா" என்றார். நான் மெதுவாகத்தான் போனேன். ரோடுதான் அப்படி.

அந்த வளைவில் நிறுத்தினேன். சாலை வெளியே சாய்ந்து கிடந்தது, கீழே காப்பிச் செடிகள். அவர் இறங்கி, என் சைடு வீல் நிற்கிற இடத்தைப் பார்த்தார். டேப்பை எடுத்து நாலு இஞ்ச் உள்ளே அளந்து அங்கே ஒரு கல்லை வைத்தார். கல்லையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, சக்கரம் இங்க இருந்தா?"

"விழுவேன். விழுந்திருக்கேன். அதோ, அந்த செடிக்குள்ள. தம்பி, நான் பொய் சொல்றவளா இருந்தா ஒங்களுக்கு ஃபார்மே அனுப்பியிருக்க மாட்டேன். அந்த நாலு இஞ்ச உள்ள தள்ளுறதுக்குப் பதிலா நீங்க என் கையில இருந்து வண்டியவே பிடுங்கிக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார். "நான் அகலத்துக்கு ஆதரவாத்தான் ரிப்போர்ட் குடுப்பேன். ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர் பாத்து ஏத்தணும். அவர் வேணாம்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம், காரணம்னு ஒரு கட்டம் காலியா கெடக்கு. அது காலியா இருந்தா கீழ ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க."

என்னிடமே இதைச் சொல்கிறார். பேனாவை வாங்கினேன். ஸ்கூட்டர் சீட்டின் மேல் படிவத்தை வைத்து எழுதினேன். 'கீழே விழாமல் வீடு போய்ச் சேர.' அவர் படித்துப் பார்த்தார். "இது போதும்க்கா" என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டிய நாள் வெள்ளனே எழுந்து வாசலுக்கு வந்தால், மெக்கானிக் அண்ணன் தன் பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். சலவை செய்த சட்டை. வழியில் வண்டி ஏதாவது மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ளத்தான் வருவதாகச் சொன்னார். அந்த வண்டி ஏழு வருடத்தில் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை, அது அவருக்கும் தெரியும். மலை இறங்கும் வரை என் பின்னாலேயே வந்தார். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். எட்டு போடச் சொன்னார், போட்டேன். இன்னொரு தடவை, இன்னும் வேகமாக என்றார். போட்டேன். நிறுத்திப் பார்த்தார், ஏற்றத்தில் வைத்துப் பிரேக்கைப் பார்த்தார். குனிந்து வெல்டிங்கை விரலால் தடவினார். அவர் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு நேரம் எனக்கு இருந்த தைரியமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது யார் செஞ்சது?" என்றார்.

பேரைச் சொன்னால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்குத் தவறியதாகிவிடும். சொல்லாவிட்டால், யார் செய்தது என்று தெரியாத வேலைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு ஒர்க்‌ஷாப்பில் செய்தது என்று இழுத்தேன்.

"எந்த ஒர்க்‌ஷாப்? செஞ்ச ஆளுக்குப் பேரு இல்லையா?"

கேட்டுக்குப் பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

"நான்தாங்க சார் செஞ்சேன்" என்றார் மெக்கானிக் அண்ணன். "படிப்பு இல்லீங்க. வளைவ அளந்துதான் செஞ்சேன். அளவு எழுதுன அட்டை இருக்குது." சட்டைப் பையிலிருந்து அந்தச் சிகரெட் அட்டையை எடுத்து நீட்டினார். ஏழு வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மேஜைக்குப் போய், "பேரச் சொல்லுங்க, எழுதணும்" என்றார்.

எல்லாம் முடிந்து இன்சூரன்ஸ் தாள் புதிதாக வந்த அன்றைக்கு, அதைப் போனில் பார்க்காமல் பள்ளியிலேயே பிரின்ட் எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அண்ணன் ஒரு பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் கிரீஸ்.

"வாசிங்க தங்கச்சி" என்றார்.

வாசித்தேன். பக்கவாட்டுச் சக்கரங்கள் இரண்டு, கூடுதல் அகலம் பக்கத்துக்கு நாலு இஞ்ச், தனிப் பிரேக், விளக்கு, ஊன்றுகோல் குழாய்.

"அப்ப சக்கரம் இருக்குது தானே?"

"இருக்கு அண்ணே. நாலு இஞ்ச் தள்ளியே இருக்கு."

தாளோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் குறிப்பின் நகலும் இருந்தது. அதையும் வாசித்தேன். வேலை செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயர், அவர் அப்பா பெயர், ஒர்க்‌ஷாப் இருக்கிற இடம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"என் பேரு சரியா எழுதியிருக்காங்களா?"

"சரியா இருக்கு."

"இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தேன். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

"காலியா ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. எல்லாக் கட்டமும் நெறஞ்சிருக்கு" என்றேன். மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.